ஆட்டக்காரர் வளமும் உழைப்பின் புலப்பெயர்வும்: சர்வதேச றக்பி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவும், சிறப்பாற்றல் பெற்ற தனிமனிதர் சிலரின் புகழுரையாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரங்களின் தொகுதியாக எழுதிய ஒரு காலம் தமிழிலும் இருந்தது. புலவனின் வாக்குவன்மைக்குத் தெய்வ அருளைக் காரணங் காட்டிய அந்நோக்கினைக் கடந்து, இலக்கியத்தை அது தோன்றிய சமுதாயத்தின் அடியாக விளக்க முற்பட்டபொழுதே இலக்கிய வரலாறு ஓர் ஆய்வுத்துறையாயிற்று. விளையாட்டுத் துறையிலோ, அருளின் இடத்திலே 'பிறவித்திறன்' என்னும் விளக்கம் இன்றும் வீற்றிருக்கின்றது. டிரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியச் சிந்தனையாளரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட நூலிலே கிரிக்கெற்றை மேற்கிந்தியத் தீவுகளின் வர்க்க, நிற உறவுகளுடன் சேர்த்து ஆராய்ந்தார். விளையாட்டினையும் கலை இலக்கியத்தைப் போன்று ஒரு சமூக விளைபொருளாகக் கொள்ளலாம் என்பதற்கு அந்நூல் தக்க முன்னுதாரணமாகும். அவ்வழியிலே றக்பி ஆட்டத்தின் வரலாற்றை நோக்குவதே நமது முயற்சியாகும்.

சர்வதேச றக்பி பற்றிய விவாதங்களில் மீண்டும் மீண்டும் பேசப்படுவது ஆட்டக்காரர் வளம் என்னும் பிரச்சினையாகும். களத்திலே பதினைந்து பேர் ஆடுகின்றனர். ஆயினும் உடலோடு உடல் மோதும் இவ்வாட்டத்திலே காயங்கள் தவிர்க்க முடியாதவை. 2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கு ஒவ்வொரு நாடும் 33 பேரைக் கொண்டு செல்ல அனுமதிக்கப்பட்டது. முதலாமவர் விழுந்தால் அவரது இடத்திலே தரங்குன்றாது நிற்கத்தக்க இரண்டாமவரும் மூன்றாமவரும் இருக்கின்றனரா என்பதே ஒரு நாட்டின் உண்மையான பலத்தைத் தீர்மானிக்கின்றது. நியூசிலாந்துக்கு அத்தகைய வளம் உண்டு என்றும், சமோவாவுக்கும் தொங்காவுக்கும் இல்லை என்றும் கூறப்படுவதுண்டு. இவ்வாறு கூறுவோர் வளத்தை அளந்து காட்டுவதுடன் நின்றுவிடுகின்றனர். அவ்வளத்தை ஆக்கியவர் யாவர், அதனை ஆக்குவதற்கான செலவை ஏற்றவர் யாவர், அதன் பயனைத் துய்ப்பவர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பும்பொழுது றக்பியின் வரலாறு உழைப்பின் வரலாறாகவும், உழைப்பாளரின் புலப்பெயர்வு வரலாறாகவும் தோற்றமளிக்கின்றது.

2

இங்கிலாந்தின் உயர்குடிப் பிள்ளைகள் பயின்ற விடுதிப் பள்ளிகளிலே உருவான ஆட்டம் றக்பி. அப்பள்ளிகளின் பழைய மாணவர்களது கழகங்கள் ஒன்றுகூடி 1871இல் றக்பி உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தன. அவ்வாண்டிலேயே ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்குமிடையே முதலாவது சர்வதேச ஆட்டம் எடின்பரோவில் நடைபெற்றது. பேரரசை நிருவகிக்கப் போகும் இளைஞருக்குத் துணிவும் கட்டொழுங்கும் ஊட்டுவது இவ்வாட்டத்தின் நோக்கமாகக் கருதப்பட்டது.

ஆயின் ஆட்டம் அப்பள்ளிகளின் மதில்களுள் அடங்கி இருக்கவில்லை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிலே பெண்களினதும் இளையோரினதும் வேலையைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியுடன் முடிவுறச் செய்தது. காலப்போக்கில் ஏனைய தொழிலாளரும் சனிக்கிழமை அரைநாள் ஓய்வினைப் பெற்றனர். போராடிப் பெற்ற அவ்வோய்வு நேரமே வெகுசன விளையாட்டின் பொருளாதார அடித்தளமாகும். யோக்ஷயர், லங்காஷயர் ஆகிய வடபகுதி மாவட்டங்களின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் றக்பியைத் தமதாக்கிக் கொண்டனர். 1880களின் பின் இங்கிலாந்து அணியின் பலம் பெருமளவுக்கு இவர்களிலேயே தங்கியிருந்தது.

இங்கேதான் முரண்பாடு கூர்மையடைந்தது. தொலைவிலே ஆடச் செல்லும் தொழிலாளி அரைநாள் அல்லது ஒருநாள் கூலியை இழந்தான். இழந்த கூலிக்கு ஈடு வழங்க அனுமதிக்க வேண்டுமென்று 1893இல் வடபகுதிக் கழகங்கள் கொணர்ந்த பிரேரணை 282க்கு 136 என்ற வாக்கு வித்தியாசத்தில் தோற்கடிக்கப்பட்டது. பணம் பெறாது ஆடுவதே பண்பு என்னும் கொள்கை, ஓய்வும் வருவாயும் உடைய வர்க்கத்தின் வாழ்நிலையிலிருந்து பிறந்த கருத்துநிலையாகும். அக்கொள்கை எல்லோருக்கும் பொதுவான ஒழுக்க விதியாக முன்வைக்கப்பட்டபொழுது, தொழிலாளியை ஆட்டத்திலிருந்து விலக்கும் கருவியாகச் செயற்பட்டது. 1895 ஓகஸ்ற் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் விடுதியிலே கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்து வடபகுதிச் சங்கத்தை அமைத்தன. நாளொன்றுக்கு ஆறு சிலிங் வரையில் கூலியிழப்பீடு வழங்க அச்சங்கம் இடமளித்தது. பின்னாளில் பதின்மூவர் ஆடும் றக்பி லீக் என வளர்ந்தது இதுவேயாகும்.

பிளவின் விளைவு ஆட்டக்காரர் வளத்திலே உடனடியாகத் தெரிந்தது. 1892இல் உள்நாட்டுச் சாம்பியன் பட்டத்தை வென்ற இங்கிலாந்து, மீண்டும் அதனைத் தனித்து வென்றது 1910இலேயாகும். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிலே இங்கிலாந்தின் சனத்தொகை குறையவில்லை. ஆங்கிலேயரின் உடற்றிறனும் குன்றவில்லை. ஆட்டக்காரரை ஆக்கித் தந்த வர்க்கம் வெளியே தள்ளப்பட்டமையே நிகழ்ந்தது. வளம் என்பது மக்கட்தொகையினாலோ பிறவித்திறனாலோ மாத்திரம் அமைவதன்று என்பதற்கு இதனிலுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

இங்கிலாந்து இழந்ததை வேல்ஸ் தக்கவைத்துக்கொண்டது. தென்வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தைக்காக உற்பத்தி செய்தன. றொண்டாப் பள்ளத்தாக்கின் சனத்தொகை 1851இல் ஓராயிரத்திற்கும் குறைவாக இருந்தது; 1911இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. வேல்சின் கிராமங்களிலிருந்தும், இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களிலிருந்தும், அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியோர் அவர்கள். 1913இல் தென்வேல்சுச் சுரங்கங்கள் ஏறத்தாழ ஐந்து கோடியே எழுபது இலட்சம் தொன் நிலக்கரியை அகழ்ந்தன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றிலே வேலை செய்தனர். பலவிடங்களிலிருந்து வந்து ஒரே சுரங்க வாயிலில் இறங்கிய இம்மக்களுக்குத் தேவாலயமும் தொழிற்சங்கமும் பாடற்குழுவும் போன்று றக்பிக் கழகமும் கூட்டு வாழ்வின் நிறுவனமாயிற்று. கூட்டாகவும் ஒருவரையொருவர் நம்பியும் உழைக்க வேண்டிய சுரங்க வேலையிலே பழகிய உடல்கள், முன்வரிசை ஆட்டக்காரருக்குரிய உடல்களாகவும் அமைந்தன.

வேல்சின் றக்பிச் சங்கம் பிரபுத்துவ மனப்பான்மையை முற்றாகக் கைவிட்டது என்று கூறமுடியாது. எனினும் அது தொழிலாளரின்றி வாழ முடியாத நிலையில் இருந்தது. 1896ஆம் ஆண்டளவில் ஆதர் கூல்ட் என்னும் புகழ்பெற்ற அணித்தலைவருக்கு மக்கள் பணந்திரட்டி ஒரு வீட்டை வழங்கியபொழுது, அது கூலிக்காக ஆடுவதாகும் என்ற கண்டனம் எழுந்தது. வேல்ஸ் சர்வதேசச் சபையிலிருந்து விலகியது. ஈற்றில் இங்கிலாந்துச் சங்கமே விட்டுக்கொடுத்தது. வடபகுதியைப் போன்று வேல்சும் பிரிந்துவிடுமாயின் ஆட்டத்தின் சர்வதேச அமைப்பே சிதைந்துவிடும் என்பதை அது உணர்ந்திருந்தது. கொள்கை என்று சொல்லப்பட்டது நலனுக்கு அமையவே நெகிழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1900க்கும் 1911க்குமிடையே வேல்ஸ் ஆறு தடவைகள் ஏனைய மூன்று உள்நாட்டு அணிகளையும் ஒரே பருவத்தில் வென்றது. 1905 டிசெம்பர் 16ஆம் திகதி கார்டிப் நகரிலே, அச்சுற்றுப்பயணத்தில் வேறெவரிடமும் தோற்காத நியூசிலாந்து அணியை 3-0 என வென்றது. அன்றைய வேல்ஸ் அணியிலே தொழிலாளரும் மருத்துவம் பயின்றோரும் வணிகரும் ஒருங்கே நின்றனர். அவ்வணி தேசிய ஒருமைப்பாட்டின் சின்னமாகப் போற்றப்பட்டது. ஆயின் ஐந்தாண்டுகள் கழித்து, 1910இல், அதே றொண்டாவிலே டோனிபண்டித் தெருக்களில் சுரங்கத் தொழிலாளர் பொலிசாருடன் மோத நேர்ந்தது. களத்திலே காணப்பட்ட வர்க்க இணக்கம் சுரங்கத்தினுள்ளே நிலவவில்லை.

நிலக்கரியின் மீது எழுந்த வளம் நிலக்கரியுடன் வீழ்ந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் ஏற்றுமதிச் சந்தை சரிந்தது. 1926ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. வேலையின்மை பள்ளத்தாக்குகளை வெறுமையாக்கியது. இரு உலகப் போர்களுக்குமிடையே நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேல்சைவிட்டு வெளியேறினர். அவ்வாறு வெளியேறியோருள் நூற்றுக்கணக்கான றக்பி ஆட்டக்காரரும் அடங்குவர். வடபகுதியின் லீக் கழகங்கள் அவர்களுக்குக் கூலி கொடுத்தன. 1921இல் கார்டிப்பிலிருந்து விகன் கழகத்துக்குச் சென்ற ஜிம் சலிவன் அவர்களுள் மிகப் புகழ்பெற்றவர். அவ்வழி சென்றோர் மீண்டும் யூனியன் றக்பி ஆட வாழ்நாள் முழுவதும் தடைவிதிக்கப்பட்டது. வறுமையினால் தன் திறனை விற்றவன் துரோகியாகக் கணிக்கப்பட்டான். 1928இல் வேல்ஸ் முதன்முறையாகப் பிரான்சிடம் தோற்றது. அத்தோல்வியை ஆட்டத் தந்திரங்களின் குறைபாடாக மட்டும் விளக்குவது போதாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய மறுமலர்ச்சிக்கும் சமூக அடித்தளம் உண்டு. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. 1947இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. சுரங்கத் தொழிலாளியின் மகன் நிலத்தின் கீழ் இறங்காது ஆசிரியனாகும் வாய்ப்புப் பெற்ற தலைமுறை அது. 1971, 1976, 1978 ஆகிய ஆண்டுகளில் எல்லா எதிரணிகளையும் வென்ற வேல்ஸ் அணிகளின் கரெத் எட்வர்ட்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். குவெண்ட்ரைத் பள்ளத்தாக்கின் ஓர் இடைநிலைப் பள்ளி கார்வின் ஜேம்ஸ், பரி ஜோன், ஜொனதன் டேவிஸ் ஆகியோரை அளித்தது. சுரங்கக் கிராமம், அரசாங்கப் பள்ளி, ஆட்டத்தை அறிந்த ஆசிரியர், மாலையில் பயிற்சியளித்த கழகம் என்னும் இச்சங்கிலியே அன்றைய வேல்சின் ஆட்டக்காரர் வளமாக இருந்தது. அதற்கு எவரும் தனியான முதலீடு செய்யவில்லை. முழுச் சமூகமும் அச்செலவை ஏற்றிருந்தது.

இவர்களுள் கார்வின் ஜேம்ஸ் இலக்கிய மாணவரின் சிறப்பான கவனத்துக்குரியவர். வேல்சு மொழி இலக்கியத்தைக் கற்பித்த இவர், 1971இல் நியூசிலாந்து மண்ணிலே தொடர் வெற்றியீட்டிய பிரித்தானிய-அயர்லாந்து அணியின் பயிற்றுநராகவும் விளங்கினார். 1970இல் நிறவெறித் தென்னாபிரிக்காவின் அணி தமது லனெல்லிக் கழகத்துடன் ஆடியபொழுது, தம் அணியினரை ஆயத்தஞ் செய்து அனுப்பிவிட்டு, ஆட்டத்தைக் காண மறுத்து உடைமாற்றும் அறையிலேயே தங்கியிருந்தார். மொழி, வர்க்கம், விளையாட்டு, மனச்சான்று ஆகியன ஒரே வாழ்விலே இணையக்கூடும் என்பதற்கு அவர் உதாரணமாவார்.

1984-85ஆம் ஆண்டுகளின் சுரங்க வேலைநிறுத்தத்தின் தோல்வி அச்சங்கிலியை அறுத்தது. 1989இல் ஜொனதன் டேவிசும் வடக்கு நோக்கிச் சென்றார். 2003இல் கழகங்களுக்குப் பதிலாகப் பிராந்திய அணிகள் ஐந்து அமைக்கப்பட்டன. மறு ஆண்டிலேயே கலைக்கப்பட்டது, பொன்டிபிரித், பிரிட்ஜென்ட் ஆகிய பழைய கழகங்களை இணைத்து உருவாக்கப்பட்ட அணியாகும். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் பெரும்பகுதிக்கு உரியது என்று சொல்லத்தக்கதாயிருந்தது அதுவே. இடையிடையே பெரு வெற்றிகள் வந்தன என்பது மெய். ஆயின் அவை முதல் வரிசையின் வெற்றிகள். 2023 ஒக்டோபர் முதல் 2025 யூலை வரை வேல்ஸ் தொடர்ச்சியாகப் பதினெட்டுச் சர்வதேச ஆட்டங்களில் தோற்றபொழுது, பின்வரிசை வறண்டு போயிருந்தமை வெளிப்பட்டது.

4

பசிபிக் தீவுகளிலே இப்பிரச்சினை குடியேற்றவாதத்தின் வடிவத்தை எடுக்கின்றது. பிஜித் தீவு 1874இல் பிரித்தானிய முடிக்குக் கையளிக்கப்பட்டது. முதல் நிலையான ஆளுநரான ஆதர் கோர்டன் சுதேசப் பிஜியரின் நிலவுரிமையையும் கிராமத் தலைமையையும் பேணும் கொள்கையை வகுத்தார். தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பு வேறிடத்திலிருந்து கொணரப்பட்டது. 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜியிலே இறக்கப்பட்டனர். 1903இன் பின் சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் சென்றனர். பாரதியின் கரும்புத் தோட்டத்திலே என்னும் பாடல் அங்கு வதையுற்ற பெண்களைப் பற்றியதென்பதை நாம் அறிவோம்.

நிலத்தின் மீதும் உழைப்பின் மீதும் விதிக்கப்பட்ட இப்பிரிவினை விளையாட்டிலும் பதிந்தது. ஆயுதந் தாங்கிய காவற்படையிலும் சுதேசிகளின் பள்ளிகளிலும் கிராமங்களிலும் றக்பி பரவிப் பிஜியரின் தேசிய ஆட்டமாயிற்று. கரும்புத் தோட்டங்களிலிருந்து எழுந்த இந்தியச் சமூகம் உதைபந்தாட்டத்தை நாடி, 1938இல் தனக்கெனச் சங்கமொன்றையும் அமைத்துக்கொண்டது. றக்பி அணியில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ இல்லாமை உடலமைப்பின் விளைவு என்று கூறுவோர் உளர். ஒரே தீவில் வாழும் இரு மக்கட்கூட்டத்தினருள் ஒருசாராருக்குக் கிராமத் திடலும் ஒருசாராருக்குத் தோட்ட வரிசை வீடும் ஒதுக்கப்பட்ட வரலாற்றை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பிறவித்திறன் என்னும் கருத்து இங்கே குடியேற்ற ஆட்சியின் கணக்கேட்டினை இயற்கையின் சட்டமாகத் திரிக்கின்றது.

சமோவாவின் வரலாறு இன்னும் கூர்மையானது. 1914இல் அதனைக் கைப்பற்றிய நியூசிலாந்து 1962 வரை ஆண்டது. 1918இல் நிருவாகத்தின் அசட்டையால் கப்பல் வழி பரவிய இன்புளுவென்சா நோய் மக்களில் ஐந்திலொரு பங்கினரைக் கொன்றது. 1929 டிசெம்பர் 28இல் மாவு இயக்கத்தின் அமைதியான ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டனர். இதே காலப்பகுதியில்தான் மத குருமாரின் பள்ளிகள் வழியாக றக்பி அங்கு வேரூன்றியது. 1924 ஓகஸ்றில் ஆப்பியாவிலே சமோவாவும் பிஜியும் தமது முதற் சர்வதேச ஆட்டத்தை ஆடின. ஆட்டம் காலை ஏழு மணிக்குத் தொடங்கிற்று. முடிந்ததும் சமோவ ஆட்டக்காரர் வேலைக்குச் செல்லவேண்டியிருந்தது. யோக்ஷயர்த் தொழிலாளியின் இழந்த கூலிப் பிரச்சினைக்கும் ஆப்பியாவின் அதிகாலை ஆட்டத்துக்கும் இடையே ஒரே தர்க்கம் ஓடுகின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின் நியூசிலாந்தின் கைத்தொழில் விரிவடைந்தபொழுது, சமோவரும் தொங்கரும் ஒக்லாந்தின் தொழிற்சாலைகளுக்கும் இறைச்சிப் பதனிடு நிலையங்களுக்கும் அழைக்கப்பட்டனர். 1970களில் பொருளாதாரம் தேய்ந்ததும் அவர்கள் வேண்டாதவராயினர். அதிகாலையில் வீடுகளை உடைத்து விசாத் தேடும் பொலிசு வேட்டைகள் 1974 முதல் 1976 வரை நடைபெற்றன. விசாக் காலங் கடந்து தங்கியோருள் பசிபிக் மக்கள் மூன்றிலொரு பங்கினரே. ஆயின் 1985-86ஆம் ஆண்டுகளில் வழக்குத் தொடரப்பட்டோருள் அவர்கள் 86 வீதமாயிருந்தனர். அவ்வேட்டைகளுக்காக நியூசிலாந்து அரசு முறைப்படி மன்னிப்புக் கோரியது 2021 ஓகஸ்றிலேயாகும்.

அக்காலத்திலேயே அம்மக்களின் பிள்ளைகள் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையை அணியலாயினர். சமோவ வம்சாவளியினரான பிரையன் வில்லியம்ஸ் 1970இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்றபொழுது, அந்நாட்டின் நிறவெறி அரசு அவரையும் மாவோரி ஆட்டக்காரரையும் 'மதிப்புறு வெள்ளையர்' என வகைப்படுத்தியது. மைக்கல் ஜோன்ஸ் 1986இல் மேற்குச் சமோவாவுக்கு ஆடி, 1987இல் நியூசிலாந்துக்கு ஆடி உலகக் கிண்ணம் வென்றார். தொங்கப் பெற்றோருக்கு ஒக்லாந்திலே பிறந்த ஜோனா லோமு 1995இல் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு தடவை கோட்டைக் கடந்து உலகை வியப்பிலாழ்த்தினார். ஆலையில் இரவு வேலை செய்த தாய்மார், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிய தேவாலயச் சமூகம், சீருடை துவைத்த சகோதரிகள் ஆகியோரின் கூலியற்ற உழைப்பு எந்த ஆட்டப் பதிவிலும் இடம்பெறுவதில்லை. வேல்சுச் சுரங்கக் குடும்பத்துப் பெண்களின் உழைப்புக்கும் இதுவே கதியாயிற்று.

1991 ஒக்டோபரில் கார்டிப்பிலே மேற்குச் சமோவா வேல்சை 16-13 என வென்றது. நிலக்கரியின் நிழலில் எழுந்து தளர்ந்துகொண்டிருந்த ஒரு வளமும், கடல் கடந்த கூலியுழைப்பின் நிழலில் எழுந்துகொண்டிருந்த ஒரு வளமும் அன்று எதிரெதிரே நின்றன. வென்ற அணியில் நியூசிலாந்திலே வளர்ந்தோர் பலர். தீவு தனித்து ஆக்கிய வளமன்று அது. தீவுக்கும் ஒக்லாந்துக்குமிடையே பரந்துகிடந்த ஒரு மக்கட்கூட்டத்தின் வளம் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

5

1995 ஓகஸ்ற் 26ஆம் திகதி சர்வதேச றக்பிச் சபை ஊதியத்துக்கு ஆடுவதை அனுமதித்தது. ஹடர்ஸ்பீல்ட் பிளவின் நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. தொழிலாளியின் ஆறு சிலிங்குக்கு இணங்காத கொள்கை, ஊடக முதலாளியின் கோடிகளுக்கு இணங்கியது. அவ்வாண்டிலேயே ரூபேட் மேடொக்கின் நிறுவனம் நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று சங்கங்களின் பத்தாண்டுகால ஒளிபரப்புரிமையை 55 கோடி டொலருக்கும் மேற்பட்ட விலையில் வாங்கியிருந்தது. பசிபிக் தீவுகள் அவ்வொப்பந்தத்துக்கு வெளியே விடப்பட்டன.

இதன்பின் ஆட்டக்காரர் வளம் நேரடியாகவே ஒரு பண்டமாயிற்று. நியூசிலாந்துப் பள்ளிகள் தீவுகளின் இளைஞருக்குப் புலமைப்பரிசில் வழங்கின. பிரான்சின் கிளேர்மோன் கழகம் பிஜியின் நந்திரோங்காவிலே பயிற்சி நிலையம் அமைத்தது. மூலப்பொருள் விளையுமிடத்தில் ஆளைத் தெரிவதும், பதப்படுத்துவதும் விற்பனையும் வேறிடத்தில் நிகழ்வதும் கொப்பராவுக்கும் சர்க்கரைக்கும் உரிய பழைய வணிக முறையேயாகும். 2000ஆம் ஆண்டு தொடக்கம் ஒருவர் ஒரு நாட்டுக்கே ஆடலாம் என விதிக்கப்பட்டது. இதனால் நியூசிலாந்துக்காக ஓரிரு தடவைகள் மட்டும் ஆடிக் கைவிடப்பட்டவரும் தம் மூதாதையர் நாட்டுக்கு ஆட முடியாதவராயினர். வளமிக்க நாடு தன் தேவைக்கு மேற்பட்டோரைப் பயன்படுத்தாமலே தடுத்து வைத்திருக்க அவ்விதி வகைசெய்தது. மூலதனத்துக்கு எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சேமப்படை வேண்டும் என மார்க்ஸ் விளக்கியதை இங்கு நினைவுகூரலாம்.

வருமானப் பகிர்விலும் இச்சமனின்மை வெளிப்பட்டது. விருந்தளிக்கும் நாடே வாயில் வசூலை வைத்துக்கொள்ளும் வழக்கத்தால், இலண்டன் ருவிக்கன்ஹாமை நிரப்பும் சமோவ அணிக்கு அவ்வசூலில் உரிமையில்லை. 2017 நவம்பரில் அங்கு நடைபெற்ற ஆட்டத்துக்கு இங்கிலாந்து ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 22,000 பவுண் பெற, சமோவர் பெற்றது ஏறத்தாழ 650 பவுண் எனச் செய்திகள் வெளியாயின. நியூசிலாந்தின் தேசிய அணி ஆப்பியாவிலே முதன்முறை சர்வதேச ஆட்டம் ஆடியது 2015 யூலையிலேயாகும். அதற்கு முன்னரே பல சமோவ வம்சாவளியினர் அவ்வணியின் புகழை வளர்த்துவிட்டிருந்தனர்.

இவ்விடத்திலே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். ஒக்லாந்திலே பிறந்து வளர்ந்த சமோவப் பிள்ளை நியூசிலாந்துக்கு ஆடுவது களவாகாது. அவன் அந்நாட்டின் மகன். அவனை அந்நியன் என்பது அதிகாலை வேட்டைக்குச் சென்ற பொலிசாரின் தர்க்கத்தையே மீண்டும் கூறுவதாகும். மேலும், ஊதியத்துக்காகப் பிரான்சு செல்லும் பிஜி இளைஞனின் வருவாயால் அவனது கிராமத்திலே வீடு எழும்புகின்றது. வடக்கு நோக்கிச் சென்ற வேல்ஸ் ஆட்டக்காரனைத் துரோகி என்ற பழைய ஒழுக்கவாதத்தை நாமும் ஏற்கலாகாது. இவ்வாதங்கள் வலிமை வாய்ந்தவை. ஆயின் அவை தனிமனிதன் மீதான குற்றச்சாட்டுக்கே விடையளிக்கின்றன. நமது விமர்சனம் அவனைப் பற்றியதன்று. ஆட்டக்காரனை ஆக்கும் சமூகத்துக்கு, ஆட்டத்தின் விதிகளின் மீதோ, சந்தையின் மீதோ, வருமானத்தின் மீதோ ஆதிக்கமில்லாத அமைப்பைப் பற்றியதே அது.

அமைப்பு மாறும்பொழுது வளமும் மாறும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள. 2021 நவம்பரில் உலக றக்பி அமைப்பு தன் விதியைத் தளர்த்தியது. மூன்றாண்டுகள் ஒரு நாட்டுக்கு ஆடாதிருந்தவர், தாம் அல்லது தம் பெற்றோர், பாட்டன் பாட்டியர் பிறந்த நாட்டுக்கு ஒருமுறை மாறலாம் என்றாயிற்று. 2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே சாள்ஸ் பியுட்டாவ், மலக்காய் பெக்கிட்டோவா ஆகியோர் தொங்காவுக்கும், லீமா சொப்போவாகா சமோவாவுக்கும் ஆடினர். இவர்கள் முன்னர் நியூசிலாந்துக்கு ஆடியவர்கள். இம்மாற்றம் நன்று. ஆயினும், பெருநாடு பயன்படுத்தி முடித்தபின் எஞ்சிய ஆண்டுகளே சிறுநாட்டுக்குக் கிடைக்கின்றன.

இதனிலும் அடிப்படையானது பிஜியின் துருவா அணியின் அனுபவமாகும். 2022 முதல் சூப்பர் றக்பி பசிபிக் போட்டியிலே பங்கெடுக்கும் இவ்வணி சூவாவிலும் லவுட்டோக்காவிலும் தன் மக்கள் முன் ஆடுகின்றது. வெளிநாடு செல்லாமலே ஊதியமும் உயர்தரப் பயிற்சியும் பெறும் வாய்ப்புப் பிஜி இளைஞருக்கு முதன்முறையாக ஏற்பட்டது. ஓராண்டு கழித்து, 2023 ஓகஸ்றில், பிஜி இங்கிலாந்தை அதன் சொந்தக் களத்திலே 30-22 என வென்றது. பின்னர் உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவை வென்று காலிறுதிக்குச் சென்றது. அவ்வணியிலே துருவாவில் வளர்ந்தோர் பலர் இடம்பெற்றனர். பிஜியரின் பிறவித்திறன் 2021க்கும் 2023க்குமிடையே அதிகரித்துவிடவில்லை. நிறுவனம் ஒன்று அவர்களது மண்ணிலே ஏற்பட்டமையே வேறுபாடாகும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆட்டக்காரர் வளம் என்பது சமூக உழைப்பின் திரட்சி என்பது புலனாகும். ஓய்வு நேரம், பள்ளி, திடல், ஆசிரியர், கழகம், வீட்டுப் பெண்களின் உழைப்பு ஆகியன அதனை ஆக்குகின்றன. அச்சமூகத்தைப் புறக்கணித்த இங்கிலாந்து பதினெட்டாண்டுகள் தளர்ந்தது. அச்சமூகத்தின் பொருளாதார அடித்தளம் தகர்க்கப்பட்டபொழுது வேல்சின் வளம் வற்றியது. அச்சமூகத்தை உழைப்பாளராக வரவழைத்த நியூசிலாந்து, ஏற்கெனவே தனக்கிருந்த பள்ளி, மாகாண அமைப்புகளுடன் அதனைச் சேர்த்து மேலும் வளம்பெற்றது. வளத்தை ஆக்கியவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் உழைக்கும் மக்களே. அதன் பயனைப் பங்கிடும் அதிகாரம் அவர்களிடம் இருந்ததில்லை.

எனவே திறன்வளர்ச்சித் திட்டங்கள் பற்றிப் பேசுவோரிடம் மூன்று கோரிக்கைகளை முன்வைத்தல் தகும். சர்வதேச ஆட்டங்களின் வருமானம் வருகைதரும் நாட்டுடனும் பகிரப்படல் வேண்டும். ஆட்டக்காரரை உருவாக்கிய ஊர்க்கழகத்துக்கும் பள்ளிக்கும் அவரது பின்னைய ஊதிய ஒப்பந்தத்திலிருந்து ஒரு பங்கு செல்லவேண்டும். விதி வகுக்கும் சபைகளிலே ஆட்டக்காரரை அளிக்கும் நாடுகளுக்கு அவற்றின் பங்களிப்புக்கேற்ற குரல் வேண்டும். இவை ஆட்ட அமைப்பின் எல்லைக்குள் நின்று கேட்கத்தக்க சீர்திருத்தங்களே. உழைப்பாளரைக் கடல் கடக்கச் செய்யும் உலகப் பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வை இவை நீக்கிவிடா. எனினும் 1893இல் கேட்கப்பட்டதும் ஒரு சிறு சீர்திருத்தமே, ஒரு நாட்கூலியே. அதனை மறுத்தமைக்கு இங்கிலாந்தின் றக்பி கொடுத்த விலை வரலாற்றில் பதிவாகியுள்ளது.

விளையாட்டைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் ஆய்வாளர், மக்கள் தம் ஓய்வு நேரத்திலே எதனைக் கட்டியெழுப்பினர் என்பதையும் ஒதுக்கிவிடுகின்றனர். கரும்புத் தோட்டத்துப் பாடலை ஆராயும் அதே கண்ணோடு, அத்தோட்டத்தின் மறுபுறத்திலிருந்த கிராமத் திடலையும் ஆராய வேண்டியுள்ளது. இரண்டையும் பிரித்து வைத்தது ஒரே வேலியாகும். அவ்வேலியை நாட்டியவர் யாவர் என ஆராய்வது வரலாற்றாசிரியரின் கடமையாகின்றது.